ஏழாம் அத்தியாயம்: கிழங்கும் சீனிக் கரைசலும்

உருளைக்கிழங்குச் செய்முறையை மாணவர்கள் துடைப்பதில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். கரைசல் சரியாக இருக்கும், தராசும் சரியாக இருக்கும், கிழங்கும் நல்ல கிழங்குதான். ஒருவர் துண்டைத் தாளில் மெல்ல ஒற்றி எடுப்பார். பக்கத்திலிருப்பவர் கைக்குட்டையில் வைத்துப் பிழிகிற மாதிரி அமுக்குவார். மூன்றாமவர் துடைக்க மறந்தே போவார். மூன்று வாசிப்பையும் ஒரே அட்டவணையில் எழுதிவிட்டு, "மிஸ், வரைபு ஏன் இப்படி நெளியுது?" என்று என்னிடம் வருவார்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் கோட்பாட்டை வேகமாகக் கடந்துவிட்டுக் கைவேலையில் நின்று பேசப்போகிறேன். நான் இதை இப்போது செய்வது ஆய்வுகூடத்தில் அல்ல. அம்பிட்டியவில், வீட்டு விறாந்தையில், உயர்தரம் படிக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளுடன். பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இல் நிறுவிய குருமடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது; பழைய மாணவர்களுக்கு வழி சொல்வதும் அதை வைத்துத்தான். உபகரணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின் தராசு ஒன்று, அளவுச்சாடி ஒன்று, கழுவிக் காயவைத்த யோகட் கப்புகள், ஒரு கூரான கத்தி. ஆய்வுகூட வசதி குறைந்த தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது போதும்.

முதலில் இரண்டு பத்தி கோட்பாடு. தேர்ந்து புகவிடும் மென்சவ்வு ஒன்றினூடாக, நீரழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் செல்வது பிரசாரணம். தூய நீரின் நீரழுத்தம் சுழியம். அதில் எதைக் கரைத்தாலும் நீரழுத்தம் சுழியத்துக்குக் கீழே இறங்கும். அதனால்தான் கரைசல்களுக்கு எப்போதும் மறைப் பெறுமானம். தாவரக் கலத்தில் இன்னொன்றும் சேர்கிறது. உள்ளே வந்த நீர் கலச்சுவரைத் தள்ளும், சுவர் திருப்பித் தள்ளும். இந்த அமுக்க அழுத்தம் நேர்ப் பெறுமானம் உடையது. கரைய அழுத்தத்தையும் அமுக்க அழுத்தத்தையும் கூட்டினால் கலத்தின் நீரழுத்தம் கிடைக்கும். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் கைவேலை.

சொற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் புத்தகமோ காணொளியோ பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் இங்கே தடுமாறுவார்கள். நாம் பிரசாரணம் என்பதை அவர்கள் சவ்வூடு பரவல் என்பார்கள்; நம்முடைய கலம் அவர்களுக்குச் செல்; நம்முடைய நீரழுத்தம் அவர்களுக்கு நீரியல் திறன். சிக்கல் பெரிதாவது 'அழுத்தம்' என்ற சொல்லில். நாம் அமுக்கம் என்று சொல்வதைத்தான் அங்கே அழுத்தம் என்கிறார்கள். ஒரே சொல்லுக்குக் கடலின் இரண்டு கரையில் இரண்டு பொருள். பரீட்சை நமது சொல்லில் வருகிறது என்பதால், எங்கே படித்தாலும் நமது சொல்லுக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் காட்டக்கூடியவை

வல்லாரைச் சம்பலுக்கு உப்பை முன்கூட்டியே போட்டு வைத்தால் அரைமணித்தியாலத்தில் கோப்பையின் அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும், இலையும் துவண்டுவிடும். பாகற்காயை உப்பில் பிசறிப் பிழிவதும் இதே விசயம்தான். ஹந்தானைப் பக்கம் ஏறிப்போனவர்கள் காலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு வைத்திருப்பார்கள்; அட்டை சுருண்டு விழுவதில் அதன் உடலிலிருந்து நீர் இழுபடுவதற்குப் பங்குண்டு. பூச்சாடியில் யூரியாவை அள்ளிப் போட்டதும் செடி வாடுவது, மண் நீரின் நீரழுத்தம் வேரினுடையதைவிடக் கீழே போய்விடுவதால். கேட்டால் பிள்ளைகள் இவற்றையெல்லாம் கடகடவென்று சொல்வார்கள்.

அதோடு ஒன்றைத் தவறாகவும் சொல்வார்கள்: தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவது. அப்பாவோ அம்மாவோ தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளை இந்த உதாரணத்தைப் பெருமையோடு எடுத்துவரும். அதைச் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். வாட்டுத் தொட்டியில் கொழுந்தின் கீழே காற்றை ஊதி நீரை ஆவியாக்குகிறார்கள். இலைக்கு வெளியே கரைசல் எதுவும் இல்லை. இது பிரசாரணம் அல்ல, ஆவியாதல். 'நீர் வெளியேறினால் எல்லாம் பிரசாரணம்' என்ற மயக்கத்தை உடைக்க இதைவிட நல்ல உதாரணம் மலைநாட்டில் கிடையாது. நான் ஒவ்வொரு வருசமும் யாராவது இதைச் சொல்லும்வரை காத்திருப்பேன்.

கிழங்கு வாங்குதல்

கண்டிச் சந்தையில் நுவரெலியாக் கிழங்கு, வெலிமடைக் கிழங்கு, வெளிநாட்டுக் கிழங்கு என்று மூன்று குவியல் இருக்கும். செய்முறைக்கு எதுவும் ஆகும். எல்லாத் துண்டும் ஒரே கிழங்கிலிருந்து வந்தால் போதும். ஒரு கிழங்கு போதாவிட்டால் ஒரே குவியலில் ஒரே அளவில் இரண்டை எடுத்து, ஒவ்வொரு கப்பிலும் இரண்டின் துண்டும் இருக்கும்படி கலந்து போடுங்கள். இறக்குமதிக் கிழங்கில் செம்மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்கும் வித்தையும் நாட்டில் உண்டு. ஆகவே 'நுவரெலியாக் கிழங்கு' என்று குறிப்பேட்டில் எழுதுமுன் கொஞ்சம் யோசிக்கலாம். 'சந்தையில் வாங்கியது' என்று எழுதினால் பொய்யாகாது.

குளிரூட்டியில் கிடந்த கிழங்கு வேறு கதை. குளிரில் கிழங்கின் மாப்பொருளில் ஒரு பகுதி வெல்லமாக மாறும். கலச்சாற்றில் கரையம் கூடும், கரைய அழுத்தம் இன்னும் கீழே இறங்கும், விடையும் நகரும். முளைவிட்ட கிழங்கும் அப்படியே. ஒரே வகுப்பில் ஒரு குழுவுக்குப் புதுக் கிழங்கும் இன்னொரு குழுவுக்குக் குளிரூட்டியில் இரண்டு வாரம் கிடந்த கிழங்கும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு விடையும் வேறாக வரும்போது, புத்தகத்தில் இருக்கும் எண்ணுக்காகக் காத்திருப்பதைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள்.

கரைசல் செய்தல்

கடைச் சீனி கிட்டத்தட்டத் தூய சுக்குரோசுதான். தனியாக இரசாயனம் வாங்கத் தேவையில்லை. வெள்ளைச் சீனியே எடுங்கள். சிவப்புச் சீனியும் சர்க்கரையும் வேண்டாம். சுக்குரோசின் ஒரு மூல் 342.3 கிராம். 250 மில்லிலீற்றர் ஒரு மூலர் கரைசலுக்கு 85.6 கிராம் போதும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 85.6 கிராம் சீனியை 250 மில்லிலீற்றர் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறார்கள். சீனி கரைந்தாலும் இடம் பிடிக்கும். அவ்வளவு சீனி ஏறத்தாழ 53 மில்லிலீற்றரை அடைத்துக்கொள்ளும். மொத்தம் 303 மில்லிலீற்றர் ஆகிவிடும், கரைசலோ 0.83 மூலர்தான் இருக்கும். ஆகவே சீனியை முதலில் 150 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீரில் கரைத்து, ஆறவிட்டு, பிறகு 250 மில்லிலீற்றர் கோடு வரை நீர் சேர்க்க வேண்டும். ஆறவிடுவதை விட்டுவிடக் கூடாது. சூடான நீர் விரிந்திருக்கும். அதைவிட முக்கியம், சூடு மிச்சமுள்ள கரைசலில் போட்ட கிழங்கின் மென்சவ்வு கெட்டுப்போகக்கூடும்.

இந்த மூலக் கரைசலிலிருந்து ஐந்து ஐதான கரைசல்கள் செய்துகொள்ளலாம். 10 மில்லிலீற்றருக்கு 90 நீர் சேர்த்தால் 0.1 மூலர், 20க்கு 80 சேர்த்தால் 0.2, இப்படியே 0.3, 0.4; பிறகு 60க்கு 40 சேர்த்து 0.6. ஆறாவது கப்பில் வெறும் நீர். மொத்தம் 160 மில்லிலீற்றர்தான் செலவாகும், மிச்சம் கையில் இருக்கும். பெயரைக் கப்பின் பக்கத்தில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும். ஈரக்கையில் மை அழியும் என்பதால் ஒட்டுநாடா ஒட்டி அதன்மேல் பென்சிலால் எழுதுவது என் பழக்கம்.

ஒவ்வொரு கப்பையும் கரண்டியால் அடிவரை கலக்குங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று பின்னால் வரும்.

வெட்டுதல்

தக்கைத் துளைகருவி இருந்தால் ஒரே பருமனில் உருளைத் துண்டுகள் கிடைக்கும். இல்லாவிட்டால் கத்தியால் நீண்ட சதுரத் துண்டுகள் வெட்டலாம். சிப்ஸ் வெட்டுகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. தோல் ஒரு துளியும் இருக்கக் கூடாது. கிழங்கின் தோல் தக்கைப் பொருள் படிந்தது, நீரை எளிதில் விடாது; ஒரு பக்கம் தோல் இருக்கும் துண்டு அந்தப் பக்கத்தில் மூடிய கதவு மாதிரி.

நீளம் 50 மில்லிமீற்றர், விட்டம் 10 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் ஒரு துண்டின் நிறை நான்கு கிராமுக்குச் சற்று மேலே வரும். அதைவிடத் தடிப்பாக வேண்டாம். நீர் நடுவரை போய்ச் சேர எடுக்கும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு கூடும். தடிப்பை இரட்டித்தால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு பாடவேளைக்குள் முடிக்க வேண்டுமானால் ஐந்து மில்லிமீற்றர் தடிப்பு உகந்தது.

வெட்டியதும் எடைபோடுங்கள். துண்டுகள் மேசையில் கிடந்தால் காய்ந்து கறுக்கும். அம்பிட்டியவில் ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும்; தை மாசியில் அப்படியில்லை. ஈரத் துணியால் மூடி வையுங்கள். துண்டுகளைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டாம்! நல்ல மனதோடு அப்படிச் செய்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்முறை தொடங்குமுன்பே செய்முறை நடந்து முடிந்துவிடும்.

ஒரு கப்புக்கு மூன்று துண்டு. ஒன்று போதாதா என்று கேட்பார்கள். ஒரு துண்டு பிழைத்தால் அது பிழைத்தது என்று தெரியவே மற்ற இரண்டும் வேண்டும். 0.8 மூலரோ அதற்கு மேலோ கரைசல் வைத்தால் கிழங்கு பெரும்பாலும் மிதக்கும். அப்போது ஈர்க்கு ஒன்றைக் குறுக்கே வைத்து அமிழ்த்துங்கள்.

தராசு ஒரு கிராம் அளவுக்குத்தான் காட்டுகிறதா? மனம் தளர வேண்டாம். துண்டுகளைத் தனித்தனியாக நிறுக்காமல் பத்தைச் சேர்த்து நிறுங்கள், கரைசலையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். அல்லது நிறையை விட்டு நீளத்தை அளவுகோலால் அளவிடலாம். நீள மாற்றம் நிறை மாற்றத்தைவிடச் சிறியது என்பதால் கண் கூர்மையாக வேண்டும்.

துடைத்தல்

ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால் போதும். இரவு முழுக்க வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். குளிர்ந்த அறையானால் சரி, நம் வெப்பத்தில் காலையில் கரைசல் நுரைத்து நாறும். நுண்ணுயிர் சீனியைத் தின்னத் தொடங்கினால் செறிவும் மாறும்.

எடுக்கும் துண்டில் ஒட்டியிருக்கும் நீரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மில்லிமீற்றர் நீளமும் 10 மில்லிமீற்றர் விட்டமும் உள்ள உருளையின் மேற்பரப்பு சுமார் 1730 சதுர மில்லிமீற்றர். அதன்மேல் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் நீர்ப் படலம் இருந்தால் 0.17 கிராம். துண்டின் நிறை 4.2 கிராம். அதாவது தலைமயிர் தடிப்புள்ள ஈரம் நான்கு வீதப் பிழையைத் தருகிறது. நாம் தேடும் மாற்றமே சில கப்புகளில் மூன்று வீதம்தான்! துடைக்காத துண்டு சுருங்கியிருந்தாலும் பருத்ததாகக் காட்டும் என்பதைப் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போட்டுக் கண்டால், பிறகு சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஆகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டு எல்லாரும் அதையே பின்பற்றுங்கள். எங்கள் விறாந்தையில் இப்படி: துண்டை இரண்டு மடிப்பு டிஷூவின் மேல் வைத்து, அமுக்காமல் மூன்று முறை உருட்டி, இரண்டு நுனியையும் ஒருமுறை தொட்டு எடுத்து, உடனே தராசில். ஊறவைக்குமுன் நிறுக்கும்போதும் இதே மூன்று உருட்டல், இதே இரண்டு தொடல். வெட்டிய துண்டிலும் சாறு வடியும் அல்லவா? ஒருவரே எல்லாவற்றையும் உருட்டுவது இன்னும் நல்லது. அந்த வேலையை நான் வகுப்பிலேயே பொறுமைசாலிக்குக் கொடுப்பேன். முதல் மதிப்பெண் எடுப்பவர் பெரும்பாலும் அந்த ஆள் அல்ல.

கணக்கும் வரைபும்

ஒரு துண்டு 4.20 கிராமிலிருந்து 4.58 ஆனது, கூடியது 0.38. இன்னொன்று 3.80இலிருந்து 4.14, கூடியது 0.34. கிராமில் பார்த்தால் வேறு. ஆரம்ப நிறையால் வகுத்து நூறால் பெருக்கினால் முதலாவது 9.0 வீதம், இரண்டாவது 8.9 வீதம். ஒரே நடத்தைதான். துண்டுகள் ஒரே அளவில் இல்லாதபோது வீதத்தில்தான் ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வரைபில் கிடை அச்சில் செறிவு, நிலை அச்சில் வீத மாற்றம். சுழியக் கோடு தாளின் நடுவே ஓட வேண்டும், அதற்கு மேலே கூடியவை, கீழே குறைந்தவை. கோட்டை அளவுகோல் வைத்து நேராக இழுப்பது பலருக்குக் கை வந்த பழக்கம். இது நேர்கோடு அல்ல. வெறும் நீரின் பக்கம் கலச்சுவர் இனி விரிய மாட்டேன் என்று தடுப்பதால் கோடு தட்டையாகும். செறிவு கூடிய பக்கமும் தட்டையாகும். அங்கே முதலுரு சுவரை விட்டு விலகி, இடையில் சீனிக் கரைசலே புகுந்து நிரப்புகிறது. நடுவிலுள்ள பகுதிதான் ஏறத்தாழ நேராக ஓடும். நமக்கு வேண்டிய இடமும் அதுதான்.

எடுத்துக்காட்டாக 0.2 மூலரில் 2.4 வீதம் கூடியது, 0.3 மூலரில் 0.9 வீதம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். கோடு சுழியத்தை வெட்டும் இடம் 0.273 மூலர் ஆகும். அந்தச் செறிவில் கிழங்குக்கும் கரைசலுக்கும் இடையே நீரின் தேறிய அசைவு இல்லை. நீர் நின்றுவிட்டது என்று எழுத வேண்டாம். உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகிவிட்டன, அவ்வளவுதான்.

இந்தச் செறிவை நீரழுத்தமாக மாற்ற இரண்டு வழி. வன் ஹொஃப்பின் சூத்திரத்தில் செறிவை 8.314 ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கி மறைக்குறி இட்டால் 20 பாகையில் −665 கிலோபஸ்கால் வரும். புத்தகத்தின் பின்னால் இருக்கும் சுக்குரோசு அட்டவணையைப் பார்த்தால் 0.25 மூலருக்கு −680, 0.30 மூலருக்கு −860. இடையில் நம் பெறுமானம் −760ஐ ஒட்டி வரும். நூறு கிலோபஸ்கால் வித்தியாசமா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. சூத்திரம் மிக ஐதான கரைசலுக்கு உரியது. சீனி மூலக்கூறு தன்னைச் சுற்றி நீரைப் பிடித்துவைக்கும், தானும் இடம் அடைக்கும்; செறிவு கூடக் கூட உண்மைப் பெறுமானம் சூத்திரத்தை விட்டு விலகிப்போகும். அட்டவணை இருந்தால் அட்டவணையையே பாவியுங்கள். அது 20 பாகைக்கு உரியது, நம் விறாந்தை 25 பாகை. அதனால் வரும் வேறுபாடு இரண்டு வீதத்துக்குள் அடங்கும். அதற்காக மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், துடைப்பதைப் பாருங்கள்.

கிடைத்தது இழையத்தின் நீரழுத்தம். கரைய அழுத்தம் என்று எழுதும் பிள்ளைகள் வருசா வருசம் புள்ளியை இழக்கிறார்கள். கிழங்குக் கலங்கள் கொஞ்சம் வீங்கிய நிலையில் இருந்தால் அங்கே அமுக்க அழுத்தமும் கலந்திருக்கும். கரைய அழுத்தத்தை மட்டும் பிரித்துக் காண வேறு செடி, வேறு முறை வேண்டும்.

அதற்கு முன் ஒரு கட்டுப்பாட்டுப் பரிசோதனை. ஒரு கிழங்கை அவித்து, ஆறவிட்டு, அதே அளவில் வெட்டி, அதே கப்புகளில் போடுங்கள். அழகான வளைகோடு காணாமல் போகும். சூட்டில் மென்சவ்வு சிதைந்ததால் சீனியும் நீரும் தாராளமாகப் போய்வரும். சிறிய வகுப்புகளுக்குக் கிழங்கைக் கிண்ணம் போலக் குடைந்து, உள்ளே சீனி வைத்து, தண்ணீர்த் தட்டில் நிறுத்திக் காட்டலாம். பச்சைக் கிண்ணத்தில் நீர் ஏறும், அவித்ததில் ஏறாது. பப்பாசிக் காயிலும் இதைச் செய்யலாம். பார்க்க வேடிக்கையானது, ஆனால் அளக்க எதுவும் இல்லை.

றியோ இலை

மேற்புறம் பச்சை, கீழ்ப்புறம் ஊதா. வாள் போன்ற இலைகள். பாடசாலை மதில் ஓரங்களிலும் வீட்டு வாசல்களிலும் வரிசையாக நிற்கும் றியோவைத் தெரியாதவர் கண்டியில் இருக்க மாட்டார். மெக்சிக்கோப் பக்கத்துச் செடி, அழகுக்காக இங்கே வந்தது. ஒல்லாந்தரான ஹியூகோ டி வ்ரீஸ் 1884இல் கரைசல்களின் வலிமையை ஒப்பிட எடுத்துக்கொண்ட செடிகளில் இதுவும் ஒன்று. இதன் ஊதா மேற்றோலைப் பல்வேறு கரைசலில் இட்டு, எதில் முதலுரு சுருங்கத் தொடங்குகிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்த்தார். வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற ஜெர்மானியர் 1877இல் மண் பாத்திரத்தின் சுவருக்குள் ஒரு மென்சவ்வைப் படியவைத்து சீனிக் கரைசலின் பிரசாரண அமுக்கத்தை அளந்திருந்தார். அந்த எண்களை ஆம்ஸ்டர்டாமில் தன்னுடன் பணியாற்றிய வன் ஹொஃப்பின் காதில் போட்டவரும் டி வ்ரீஸ்தான். மேலே நாம் பாவித்த சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. வன் ஹொஃப்புக்கு 1901இல் இரசாயனத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மதிலோரச் செடிக்கு அந்தக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு. நீர் மென்சவ்வைக் கடக்கும் புரத வாயில்களைக் கண்டறிந்ததற்காக பீற்றர் அக்ரே 2003இல் அதே பரிசைப் பெற்றதையும் சேர்த்துச் சொன்னால், இது முடிந்துபோன பழைய பாடம் என்ற எண்ணம் போகும்.

இலையைக் கீழ்ப்புறம் மேலே வரும்படி விரலில் சுற்றி, சவர அலகால் இலேசாகக் கீறி, இடுக்கியால் ஊதாத் தோலை உரியுங்கள். சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும், பிறகு கையைக் கழுவ வேண்டும். 0.10இலிருந்து 0.35 மூலர் வரை 0.05 இடைவெளியில் கரைசல், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று உரிகள், 20 நிமிடம். பிறகு வழுக்கியில் ஏற்றும்போது அதே கரைசலில் ஒரு துளி விடுங்கள். பழக்கதோசத்தில் தண்ணீர்த் துளி விட்டால், சுருங்கிய முதலுரு நம் கண் முன்னாலேயே திரும்ப விரிந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், எண்ணிக்கை போய்விடும்.

ஊதாச் சாறு புன்வெற்றிடத்தில் இருப்பதால் முதலுரு எங்கே சுருங்கியது என்று நிறமே காட்டிக்கொடுக்கும். ஒரு பார்வைப் புலத்தில் உள்ள கலங்களையெல்லாம் எண்ணி, அவற்றில் சுருங்கியவை எத்தனை என்று குறிக்க வேண்டும். மூலையில் சற்றே விலகியதும் சுருங்கியதுதான். குறைந்தது மூன்று புலம். பாதிக் கலங்கள் சுருங்கியிருக்கும் செறிவை வரைபிலிருந்து எடுங்கள். அங்கே சராசரிக் கலத்தில் சுவரைத் தள்ளும் அமுக்கம் சுழியம். ஆகவே கரைசலின் நீரழுத்தம் கலத்தின் கரைய அழுத்தத்துக்குச் சமம். கிழங்கில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது. உப்பைப் பாவித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: உப்பு இரண்டு அயன்களாகப் பிரியும், அதே மூலர் செறிவில் சீனியின் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்யும். சும்மா காட்ட உப்பு நல்லது, அளக்கச் சீனி.

நுணுக்குக்காட்டி இல்லாத இடத்தில் சேம்பு இலைக்காம்போ கங்குன் தண்டோ கைகொடுக்கும். தண்டை நீளவாக்கில் நாலாகப் பிளந்து தண்ணீரில் போட்டால் வெளிப்புறமாகச் சுருளும். உள்ளிழையம் நீரை எடுத்து நீள்கிறது, மேற்றோல் அவ்வளவு நீளாது. செறிந்த கரைசலில் மறுபக்கம் வளையும். எந்தச் செறிவில் வளைவு மாறவில்லையோ அதுதான் விடை. சேம்பின் பால் கையை அரிக்கும். நகத்தடியில் போனால் அன்றைக்கு நித்திரை இல்லை. நான் கங்குனையே விரும்புவேன், மிச்சத்தைச் சுண்டலாம்.

0.4 மூலரில் கூடிய கிழங்கு

சில வருசத்துக்கு முன் ஒரு மாணவியின் அட்டவணையில் 0.3 மூலரில் நிறை குறைந்து, 0.4 மூலரில் கூடியிருந்தது. அவள் இறப்பரை எடுத்துவிட்டாள். "பிழை மிஸ், 0.4ல குறையத்தானே வேணும்" என்றாள். மற்றப் பிள்ளைகளின் எண்ணைப் பார்த்து ஒரு −4ஐ எழுதிவிடுவதுதான் அடுத்த படி. அதைத் தடுத்துவிட்டு, கப்பை மேசை மட்டத்துக்குக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

நல்லவேளை, கரைசலை ஊற்றிவிடவில்லை. கப்பின் பாதி உயரத்தில் ஒளி மடிவது போல ஒரு கோடு தெரிந்தது. புதிதாக ஒரு துண்டைப் போட்டோம்; அது அடிக்கும் போகவில்லை, மேலேயும் வரவில்லை, அந்தக் கோட்டில் போய் நின்றது. அவள் 40 மில்லிலீற்றர் மூலக் கரைசலை முதலில் ஊற்றி, அதன்மேல் 60 மில்லிலீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் கலக்க மறந்திருந்தாள். ஒரு மூலர் சீனிக் கரைசலின் அடர்த்தி 1.13, கிழங்கினுடையது 1.08 அளவில், தண்ணீருக்கு 1. கிழங்கு நீரில் தாழும், பாகில் மிதக்கும். ஆகவே அவளுடைய துண்டுகள் ஒரு மணித்தியாலமும் 0.4 மூலரில் ஊறவே இல்லை; கீழ்ப்பக்கம் பாகிலும் மேற்பக்கம் தண்ணீரிலுமாக நின்றிருக்கின்றன. அந்த வாசிப்பு எப்படி 0.4 மூலருக்கு உரியதாகும்?

அந்த வாசிப்பை அழிக்காமல் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'கரைசல் கலக்கப்படவில்லை, அடுக்காக நின்றது' என்று எழுதினாள். கரைசலைக் கலக்கி, மூன்று புதுத் துண்டோடு திரும்பச் செய்தாள். அன்று கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது.

முடித்ததும் கப்புகளை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், பத்து நிமிடத்தில் எறும்பு வரிசை கட்டும். கிழங்குத் துண்டுகளைக் குழிக்குப் போடலாம். ஆய்வுகூட மேசையில் உருண்டதைச் சமைக்க வேண்டாம். மிச்சக் கரைசலைக் கழுவுதொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றுங்கள். இடம் கிட்ட இருக்கிறதென்று பூச்சாடியிலோ றியோ வரிசையின் அடியிலோ கொட்டிவிட்டுப் போனால், அடுத்த வருசம் உரிக்க இலை வேறிடத்தில் தேட வேண்டி வரும்.